செத்த புருஷனுக்கு எதிராகச் சாட்சி சொன்ன ஓனோரின்

ஓனோரினுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. கடவுளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைத்தார்களே, அதன் மேலும் நம்பிக்கை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் காலை நீட்டித் தூங்குவாள். அவள் அறிந்த வழிபாடு அவ்வளவுதான். பாரிஸில் பெல்வில் மேட்டிலிருந்து கால்வாய்க்கு இறங்கும் சரிவில் அவளுடைய இஸ்திரிக் கடை இருந்தது. நடுவில் கூம்பு மாதிரி ஓர் இரும்பு அடுப்பு. அதன் மேல் சாய்த்து வைத்த இஸ்திரி இரும்புகள். தலைக்கு மேலே கயிற்றில் ஊரார் சட்டைகள். இரும்பைக் கன்னத்தருகே கொண்டுபோய்ச் சூடு பார்ப்பாள். அவள் கஞ்சி போட்ட காலர் கல்யாணத்துக்குப் போய்விட்டு இழவுக்கும் போய்வரும் என்று அந்தச் சரிவு முழுக்கப் பேர்.

தண்ணீர் சுமந்து விற்றவரின் மகள் அவள். துணி துவைக்கும் கூடத்தில் சோப்பு நுரைக்கு நடுவே வளர்ந்தவள். அப்படிப்பட்டவள் மானுடத்தையே தெய்வமாகக் கும்பிடுகிற சங்கத்தில் போய்ச் சிக்கியது கல்யாணத்தால்தான்.

மாப்பிள்ளை இசிதோர் நாற்காலி செய்கிறவர். அவருக்குத் தத்துவம் பரம்பரைச் சொத்து. அவருடைய அப்பா இளவயதில், சமுதாயத்தைத் தொழிலாளிகளும் விஞ்ஞானிகளுமாகச் சேர்ந்து புதிதாகக் கட்டவேண்டும் என்று எழுதிவிட்டுச் செத்துப்போன ஒரு பிரபுவின் சீடர்களோடு, மேட்டுமேல் ஒரு தோட்ட வீட்டில் வாழ்ந்தவர். மனிதனுக்கு மனிதன் துணை என்பதை மறக்காமலிருக்க அங்கே எல்லோரும் முதுகுப்பக்கம் பொத்தான் வைத்த மேற்சட்டை போட்டார்கள். இன்னொருவர் கை படாமல் போடவும் முடியாது, கழற்றவும் முடியாது. கூட்டம் கலைந்து அவரவர் வீடு திரும்பிய நாளில் இசிதோரின் அப்பா அந்தச் சட்டையோடு தனியாக நின்றார். சில இரவுகள் அதிலேயே தூங்கிப் பார்த்தார். கடைசியில் தெருமுனைப் போலீஸ்காரரிடம் முதுகைக் காட்டினார்.

அந்தப் பிரபுவிடம் எழுத்தராக இருந்து, சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவர்தான் இசிதோரின் ஆசான். கல் விழுவதற்கு விதி இருப்பதுபோல மனிதர்கள் கூடி வாழ்வதற்கும் விதி உண்டு என்று சொல்லி, அந்தப் படிப்புக்குச் சமூகவியல் என்று பேர் வைத்தவர். மனித அறிவு மூன்று படி ஏறுகிறது என்றார். முதல் படியில் எல்லாம் தெய்வச் செயல். இரண்டாவது படியில் தெய்வத்தை விட்டுவிட்டுப் பெரிய பெரிய வார்த்தைகளைக் காரணம் காட்டும். மூன்றாவது படியில், கண்டதையும் கண்டதற்குள்ள விதியையும் மட்டும் பேசும். இதுவரைக்கும் யாரும் குறை சொல்ல முடியாது. அதன் பிறகு ஆசானுக்குக் காதல் வந்தது, காதலித்தவள் செத்துப்போனாள், சமூகவியல் மதமாகிவிட்டது. இதுவரை வாழ்ந்து மறைந்த நல்லவர்கள் அத்தனை பேரும் சேர்ந்த மானுடமே தெய்வம் என்றார். நாள்காட்டியும் மாறியது. வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம், ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பெரிய மனிதரின் பேர்.

ஆசான் காலமாகிவிட்டார். ஆனால் பெல்வில் மேட்டில் ஒரு மதுக்கடையின் மாடியில், அவர் சொன்னதற்கு மேலும் கொஞ்சம் சொந்தச் சரக்கைச் சேர்த்து, இசிதோரின் சங்கம் நடந்துகொண்டிருந்தது.

அந்தச் சங்கத்தில் கல்யாணம் பண்ணுவது லேசில்லை. நகரமன்றத்தில் பதிவு செய்த பிறகு தம்பதி மூன்று மாதம் விலகி இருக்கவேண்டும். உடம்பு அடங்கி மனசு தெளிகிறதா என்று பார்க்கிற ஏற்பாடு. ஓனோரின் அந்த மூன்று மாதமும் தன்னோடு வேலை செய்த ஸெலியின் அறையில் படுத்துக்கொண்டாள். இசிதோர் ஞாயிறுதோறும் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவளைப் பார்த்துவிட்டு, நாற்காலியின் காலை ஆட்டிப் பார்த்துவிட்டு, போய்விடுவார். சங்கத்துக் கல்யாணத்தை ஆர்க்கிமிடீஸ் மாதம் இருபதாம் தேதிக்கு வைத்து எல்லோரையும் அழைத்திருந்தார். பெண் வீட்டார் ஒருவரும் வரவில்லை. அது ஏப்ரலில் ஒரு தேதி என்று கண்டுபிடித்த சித்தி ஒருத்தி மட்டும், ஜூலையில் ஒரு வாத்தோடு வந்து சேர்ந்தாள்.

அந்தக் கல்யாணத்தில்தான் ஓனோரின் சபதம் செய்தாள். இருவரில் ஒருவர் போனால் மற்றவர் மறுமணம் செய்வதில்லை; என்றென்றைக்கும் துணையிழந்தவராகவே இருப்பது. அன்றைக்கு அவளுக்கு வயது இருபத்தொன்று. காலையிலிருந்து பட்டினி. கீழே மதுக்கடையில் வெங்காய சூப்பின் வாசனை. சரி என்று சொன்னாள்.

இசிதோர் நல்ல புருஷன். பெண்தான் வீட்டின் தெய்வம் என்று ஆசான் சொல்லியிருந்ததால், தினமும் காலையில் அவள் முன்னால் நின்று, அன்பு, ஒழுங்கு, முன்னேற்றம் என்று தன் தலையில் மூன்று இடத்தைத் தொட்டு வணங்குவார். அவள் அப்போது பெரும்பாலும் பல் துலக்கிக்கொண்டிருப்பாள். பால் பொங்கினாலும் தெய்வம் நகரக்கூடாது. இப்படியே பல வருஷம் கழிந்தது. பிறகு ஒரு மார்ச் மாதம் நெஞ்சில் சளி கட்டி அவர் இறந்தார். ஓனோரின் தேம்பித் தேம்பி அழுதாள். கடையைத் திறந்த பிறகும் இரும்பைக் கன்னத்தருகே கொண்டுபோகும்போதெல்லாம் கண்ணீர் அந்தச் சூட்டிலேயே காய்ந்தது.

அழுகை ஓய்ந்து சில வருஷம் ஆனபிறகு, அடுப்பு புகைய ஆரம்பித்தது.

அடுப்பைப் பார்க்க வந்தவர் அன்செல்ம். சவோய் மலைப்பக்கத்து ஆள். அடுப்பும் புகைபோக்கியும் அமைப்பது தொழில். இசிதோரின் சிநேகிதர், அவர் மூலமாகச் சங்கத்தில் சேர்ந்தவர். கதவை அடைக்கிற உடம்பு, அதற்குள்ளே கோழிக்குஞ்சு மாதிரி ஒரு குரல். முதல் சனிக்கிழமை புகையை நிறுத்தினார். அடுத்த சனிக்கிழமை, புகை நின்றதா என்று பார்க்க வந்தார். அதற்கடுத்த வாரம், நின்ற புகை ஏன் நின்றது என்று யோசிக்க வந்தார். பிறகு வாராவாரம் வந்து நன்றாக எரிகிற அடுப்பைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினார். ஓனோரின் அவருக்கு சூப் கொடுத்தாள். அவர் குனிந்து குடிக்கும்போது அந்தப் பெரிய பிடரியில் கரி படியாத ஓர் இடம் வெள்ளையாகத் தெரியும். அந்த இடத்தின் மேல் அவளுக்கு ஆசை வந்துவிட்டது.

அவள்தான் முதலில் கேட்டாள். நகரமன்றத்துக்குப் போகலாமா என்று.

அன்செல்ம் கரண்டியை வைத்துவிட்டார். போக ஆசைதான், போக முடியாது என்றார். அவள் இசிதோருக்குச் சபதம் செய்தவள். செத்தவர்களுக்குக் கொடுத்த வாக்குத்தான் உயிரோடிருப்பவர்களை மனிதர்களாக வைத்திருக்கிறது. அதை மீறினால் மானுடத்தில் சேர முடியாது. அவருக்கு அது விளையாட்டில்லை என்பதை அவர் முகத்தைப் பார்த்தே ஓனோரின் தெரிந்துகொண்டாள். வழியே இல்லையா என்று கேட்டாள். பொய் சொல்லத் தெரியாத அந்த மனிதர், ஒரு வழி இருக்கிறது, ஆனால் நல்ல வழியில்லை என்று ஒப்புக்கொண்டார்.

விஷயம் இதுதான். ஒருவர் இறந்து ஏழு வருஷம் கழித்து, அவர் மானுடத்தில் சேரத் தகுதியானவரா என்று சங்கம் கூடித் தீர்ப்புச் சொல்லும். தகுதி என்றால் அவர் என்றென்றும் நினைக்கப்படுவார். இல்லை என்றால் மறக்கப்படுவார். மறக்கப்பட்டவருக்குச் செய்த சபதம் செல்லாது என்று சங்கத்துச் செயலாளர், மருந்துக் கடைக்காரர் கெனார், ஒரு பிரசங்கத்தில் விளக்கியிருந்தார். இசிதோருக்கு வருகிற மார்ச்சில் ஏழு வருஷம் நிறைகிறது.

"அப்போ அவர் லாயக்கில்லைன்னு நான் போய்ச் சொல்லணும்," என்றாள் ஓனோரின்.

"நீங்க சொன்னா கேப்பாங்க. பெண்டாட்டி சொல்றதுக்குத்தான் மதிப்பு அதிகம்." அன்செல்ம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் எதுவும் சொல்ல மாட்டேன் மதாம். வாயைத் திறக்கவே மாட்டேன்."

அந்தக் குளிர்காலம் முழுக்க ஓனோரின் இஸ்திரி போட்டுக்கொண்டே இசிதோரிடம் குறை தேடினாள். பக்கத்து மேஜையில் ஸெலி உதவி செய்தாள்.

"உயிரோட இருக்கிற புருஷனைக் குறை சொல்ல எனக்கு மூச்சு விடக்கூட நேரம் வேண்டாம்," என்றாள் ஸெலி. "நீ என்னடி, செத்தவரைச் சொல்ல இவ்ளோ யோசிக்கிற?"

"திரும்பப் பேச மாட்டாரேடி. அதான் வாயில வரமாட்டேங்குது."

"குடிச்சாரா?"

"ஞாயித்துக்கிழமை ஒரு கிளாஸ்."

"அடிச்சாரா?"

"கும்பிட்டாரு."

"அதையே சொல்லு. தினம் காலையில கும்பிட்டா எந்தப் பொம்பளை தாங்குவா?"

கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. குறட்டை. சூப்பில் உப்பைக் குறை சொல்வது. தான் செய்த நாற்காலிகளோடு பேசுவது. கடைசியில் ஒன்று இருந்தது. அதைச் சொல்லவேண்டாம் என்றுதான் ஓனோரின் நினைத்திருந்தாள். ஆனால் இருப்பதிலேயே கனமானது அதுதான். ஏனென்றால் அது மட்டும் அவளுக்கு உண்மையாகவே வலித்தது.

தீர்ப்பு நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மதுக்கடை மாடியில் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. எல்லாம் இசிதோர் செய்தவை. சுவரில் மனித மூளையின் படம் தொங்கியது. பதினெட்டு அறைகளாகப் பிரித்து, எந்த அறையில் தாய்ப்பாசம், எந்த அறையில் கர்வம், எந்த அறையில் கருணை என்று கெனார் வண்ணம் தீட்டியிருந்தார். தலைவர் முசியே வலபிரேக், ஓய்வு பெற்ற கணித ஆசிரியர், கீழே இருந்து இரவல் வாங்கிய பில்லியர்ட்ஸ் கோலால் படத்தைச் சுட்டுவார். மூலையில் ஒரு மார்பளவுச் சிலை துணி போர்த்தி நின்றது. சங்கத்துக்கு ஒரு தொழிலாளி மகான் வேண்டும் என்று எல்லோருக்கும் நெடுநாளாக ஆசை. தீர்ப்புக்கு முன்பே சிலை வாங்கிவிட்டார்கள்.

ஓனோரின் நடுவில் நின்றாள். ஸெலி வாசலில். அன்செல்ம் கடைசி நாற்காலியில், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

குறட்டையிலிருந்து ஆரம்பித்தாள். குறட்டை மூளையில் எந்த அறை என்று தலைவர் கோலை எடுத்துத் தேடினார். அது மூக்கு, மூளையில் வராது என்று கெனார் தள்ளுபடி செய்தார்.

உப்பைச் சொன்னாள். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரு நாள் விடாமல் சூப்பில் உப்புக் குறைவு அல்லது அதிகம் என்றார். ஒரு நாளும் சரி என்றதில்லை. வட்டம் முழுக்கப் பாராட்டு முணுமுணுப்பு எழுந்தது. இருப்பதை இன்னும் சிறப்பாக்கத் துடிப்பதுதான் முன்னேற்றத்தின் வேர் என்றார் தலைவர். கோல் பன்னிரண்டாவது அறையைத் தொட்டது.

நாற்காலிகளோடு பேசுவார் என்றாள். ஒரு தடவை, கால் சரியாக நிற்காத ஒரு நாற்காலியை, நன்றி கெட்டவளே என்று திட்டிவிட்டு, ராத்திரி போய் மன்னிப்புக் கேட்டார். இதில் நிச்சயம் மாட்டுவார் என்று அவள் நம்பியிருந்தாள். மரக்கட்டைக்கு உயிர் இருப்பதாக நினைப்பது முதல் படியிலும் முதல் படி, காட்டு மனிதன் படி. ஆனால் கெனார் உணர்ச்சிவசப்பட்டு எழுந்துவிட்டார். ஆசான் கடைசிக் காலத்தில் சொன்னதை இங்கே எத்தனை பேர் புரிந்துகொண்டோம் என்று கேட்டார். கல்லையும் மரத்தையும் நேசித்த ஆதி மனிதனின் மனசை, விஞ்ஞானம் கற்ற பிறகு திரும்பப் பெறவேண்டும் என்றாரே ஆசான். நாம் அதைப் படித்தோம். இசிதோர் அதைச் செய்தார். உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் தங்கள் நாற்காலிக் கைகளைத் தடவிக்கொண்டார்கள்.

கீழே மதுக்கடையில் யாரோ டொமினோக் கட்டையை ஓங்கிப் போட்டார்கள். ஸெலி வாசலிலிருந்து கண்ணைக் காட்டினாள்: சொல்லு.

ஓனோரின் சொன்னாள். பிரஷ்யாக்காரர்கள் நகரத்தைச் சுற்றி வளைத்த குளிர்காலத்தில், விறகுக்கு ஆள் அலைகிற காலத்தில், பட்டறையில் மிச்சமாகும் மரத்துண்டுகள் ஒன்றுகூட வீட்டுக்கு வரவில்லை. அவர் தினமும் ஒரு மணி நேரம் தாமதமாக வருவார். எங்கே போனீர்கள் என்றால் வேலை என்பார். சட்டையில் மெழுகுவத்தி வாசனை இருக்கும். அவர்கள் வீட்டில் மெழுகுவத்தி கிடையாது. முற்றுகை முடிந்தது, அடுத்த குளிர்காலமும் அப்படித்தான். அதற்கடுத்ததும். ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். ஒரு வீட்டுக்குள் சாக்கோடு போனார். வாசலில் காவலிருக்கிற வாசல்காரியிடம் விசாரித்தாள். அஞ்சாவது மாடியில் ஒரு மதாம் இருக்காங்க, அவங்களைப் பார்க்கத்தான் தினம் வர்றாரு என்றாள் வாசல்காரி. ஓனோரின் அதற்கு மேல் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து, ஈரம் காயாத சட்டைகளைக் கருகக் கருக இஸ்திரி போட்டாள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நான் குளிர்ல உக்காந்திருந்தேன்," என்றாள். "அவர் இன்னொருத்திக்கு அடுப்பு மூட்டிட்டு வந்தாரு. அவ்ளோதான் எனக்குச் சொல்ல இருக்கு."

 முசியே வலபிரேக் கோலைச் சுவரில் சாய்த்தார். வயதானவர், அவர் முகம் கஞ்சியில்லாத காலர் மாதிரி தொங்கிப்போயிற்று. குடும்பத்துக்குத் துரோகம் செய்தவர் மானுடத்தில் சேர முடியாது. அதில் வாதமே இல்லை. கெனார் போய்ச் சிலையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். ஓனோரினுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அவள் கண் சுவர்ப்பக்கம் திரும்பிய சிலையை விட்டு நகரவில்லை.

வாக்கெடுப்புக்கு முன், இறந்தவருக்காகப் பேச யாராவது உண்டா என்று தலைவர் மூன்று முறை கேட்கவேண்டும். ஒரு முறை கேட்டார். இரண்டாம் முறை கேட்டார். கடைசி நாற்காலி கிரீச்சிட்டது. ஓனோரின் திரும்பி அன்செல்மைப் பார்த்தாள். உட்காருங்கள் என்று கண்ணாலேயே சொன்னாள். மூன்றாம் முறை கேட்டு முடிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

"அந்த மதாமுக்கு எண்பது வயசுங்க," என்றார்.

அந்த வீட்டு நான்காவது மாடியில் அப்போது தான் குடியிருந்ததாகச் சொன்னார். மேலே இருந்தவள் மதாம் குதூர், துணைக்கு ஆளில்லாத கிழவி, பக்தி மிகுந்தவள். இசிதோர் அவளுக்கு ஒரு நாற்காலி பழுது பார்க்கப் போய், அவள் விரல்கள் நீலமாக இருந்ததைப் பார்த்துவிட்டு, மறுநாள் மரத்துண்டுகளோடு வந்தார். கடவுள் இல்லை என்கிறவன் விறகில் குளிர் காய்வதைவிட விறைத்துச் சாவேன் என்று கிழவி கதவை அடைத்துவிட்டாள். மூன்றாவது நாள் கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு நிபந்தனை வந்தது.

"மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏத்தி, முட்டி போட்டு, ஜெபமாலை சொல்லிட்டு விறகை வைன்னாங்க. சொன்னாருங்க. தினம். நடுவுல தப்பு விட்டா முதல்லேர்ந்து சொல்ல வைப்பாங்க. அவருக்குப் பாதிக்கு மேல தெரியாது. படிக்கட்டுல நின்னு எங்கிட்ட கத்துக்கிட்டாரு. நான் மலைக்காரன், எனக்குப் பால்குடி வயசுலயே பாடம். அப்படித்தான் நாங்க சிநேகிதமானோம். அந்தம்மா சாகிற வரைக்கும் ஒரு குளிர்காலம் தவறலை."

"எங்ககிட்ட ஏன் மறைச்சாரு?" என்றார் தலைவர்.

"உங்களுக்குப் பயந்துதாங்க முசியே. முதல் படிக்கு இறங்கிட்டான்னு சங்கத்துப் பட்டியல்லேர்ந்து பேரை அடிச்சுடுவீங்கன்னு." அன்செல்ம் ஓனோரினைப் பார்க்காமலே தொடர்ந்தார். "வீட்டுல சொன்னா மதாம் சிரிச்சிடுவாங்கன்னு. அவங்க சிரிச்சா மறுபடி முட்டி போடத் தைரியம் வராதுன்னாரு."

பிறகு நடந்த விவாதத்தைச் சங்கம் பல வருஷம் பேசியது. பொய்யாகப் பிரார்த்தனை செய்வது தெய்வப் படிக்குத் திரும்பியதாகுமா? நம்பாமல் சொன்னால் அது பிரார்த்தனையா, வெறும் சத்தமா? வெறும் சத்தம் என்றால், அதைக் கேட்ட கிழவியை அவர் ஏமாற்றினாரா? பிறருக்காக வாழ்வது என்பதற்கே ஆசான்தான் ஒரு புதுச் சொல்லை உண்டாக்கினார். ஆனால் பிறருக்காக எத்தனை படி வரை இறங்கலாம் என்று அவர் எங்கும் சொல்லிவைக்கவில்லை. கெனார் முதலில் எதிர்த்தார். பிறகு ஐந்து மாடி ஏறுவதற்காக இரண்டு படி இறங்கினார் என்று தானே ஒரு வாக்கியம் சொல்லி, அந்த வாக்கியத்தின் அழகில் தானே கண் கலங்கிக் கட்சி மாறிவிட்டார். முசியே வலபிரேக் கோலை எடுத்துக் கருணையின் அறையைத் தொட்டார். கோல் வழுக்கிப் பக்கத்து அறைகளையும் தொட்டது. அதற்கும் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

வாக்கெடுப்பில் எல்லாக் கையும் உயர்ந்தது. அன்செல்மின் கை எல்லாவற்றுக்கும் மேலே. வாக்குரிமை இல்லாத ஓனோரினின் கையும் தோள் வரைக்கும் போய்விட்டதை ஸெலிதான் கவனித்து, வந்து கீழே இழுத்தாள்.

சிலையின் துணியை எடுத்தார்கள். பழைய சாமான் சந்தையில் வாங்கிய ரோமாபுரி நீதிபதி ஒருவர். மூக்கு இசிதோர் மாதிரியே இருந்தது. மீசையைக் கெனார் சுண்ணாம்பில் ஒட்டியிருந்தார்.

ஓனோரின் ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கித் தெருவுக்கு வந்தாள். அன்செல்ம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். கால்வாய்ப் பாலம் வரைக்கும் அவள் திரும்பவில்லை. ஸெலி எதிர்ப்பக்க நடைபாதையில், கேட்கிற தூரத்தில், கேட்காதவள் மாதிரி நடந்தாள்.

பாலத்தில் நின்று ஓனோரின் கேட்டாள். "முழு ஜெபமாலையா?"

"ஞாயித்துக்கிழமை முழுசு. மத்த நாள் பாதி."

ஓனோரின் சிரித்தாள். தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அது சிரிப்பா என்று அன்செல்முக்குச் சந்தேகம் வந்தது. அவர் கைக்குட்டையை எடுத்தார், அதில் கரி. திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.

"வாயைத் திறக்க மாட்டேன்னீங்களே," என்றாள்.

"குறட்டை, உப்பு, நாற்காலி எல்லாத்துக்கும் மூடித்தாங்க வச்சிருந்தேன். இதுக்கு முடியலை. அவரை அப்படி விட்டுட்டு வந்து உங்க சூப்பைக் குடிக்க முடியாது மதாம்."

"இப்போ குடிக்கலாமா?"

"இப்போ அவர் மானுடத்துல சேர்ந்துட்டாரு." குரல் இன்னும் சிறுத்துவிட்டது. "இப்போ சபதம் முன்னைவிட கெட்டி."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாளைக்குக் காலையில், கடை திறப்பதற்கு முன், தான் நகரமன்றத்துக்குப் போய்ப் பேர் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். வந்தால் வாருங்கள், வராவிட்டால் சனிக்கிழமை வரவேண்டாம், அடுப்பு நன்றாகத்தான் இருக்கிறது, எப்போதுமே நன்றாகத்தான் இருந்தது. இசிதோருக்கு நான் செய்யவேண்டியது ஒன்று பாக்கி இருந்தது, சந்தேகப்பட்டதற்கு. அதை இன்றைக்குக் கையைத் தூக்கித் தீர்த்துவிட்டேன். அவருக்கு வேண்டியது கிடைத்தது. எனக்கு வேண்டியதை நான் கேட்கிறேன்.

அன்செல்ம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு படகு மதகுக்குள் நுழைந்து, தண்ணீர் வடிய வடிய மெதுவாகக் கீழே இறங்கியது.

"நான் படிக்காதவன் மதாம்," என்றார். "கடவுள் இல்லைன்னு இசிதோர் புரிய வச்சப்ப எனக்குத் தூக்கமே போயிடுச்சு. அப்போ என் கதை செத்ததும் முடிஞ்சுதான்னு கேட்டேன். இல்லைப்பா, ஏழு வருஷம் கழிச்சு நாலு பேர் வட்டமா உக்காந்து உன்னைப் பத்தி ஒரு மணி நேரம் பேசுவாங்கன்னாரு. அது போதும்னு இருந்துச்சு. இத்தனை வருஷமா அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் ஒழுங்கா இருக்கேன். உங்களைக் கட்டிக்கிட்டா என் பேரைப் பேச்சுக்கே எடுக்க மாட்டாங்க."

ஓனோரின் அவர் பக்கம் திரும்பினாள்.

"செத்ததுக்கப்புறம் ஒரு மணி நேரம் எதுக்கு?" என்றாள். "உயிரோட இருக்கப்பவே உன்னைப் பத்தி நாள் முழுக்கப் பேச நான் இருக்கேனே. உன் எதிர்லயே பேசுவேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எதிர்ப்பக்கத்திலிருந்து ஸெலி, அவர் நிற்கிற நிலையைப் பார்த்தால் பாலத்தைத்தான் கட்டிக்கொள்வார் போலிருக்கிறது என்றாள்.

மறுநாள் காலையில் நகரமன்ற வாசலில் ஓனோரின் தனியாக நின்றாள். மணி அடித்தது; கதவைத் திறந்தார்கள்; அவள் உள்ளே போகவில்லை. திரும்பிவிடலாம் என்று அவள் இரண்டு முறை நினைத்த பிறகு, தெருமுனையில் அன்செல்ம் வந்தார். கை இரண்டும் தேய்த்துத் தேய்த்துக் கழுவிச் சிவந்திருந்தன. தாமதத்துக்குக் காரணம் கேட்டாள். கரி போகவில்லை, மூன்று தண்ணீர் மாற்றினேன் என்றார். பிறகு, முசியே வலபிரேக் வீட்டுக்குப் போய், என் பேருக்கு எந்தச் சிலையும் வாங்கிவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன் என்றார். அழுதிருந்தார் என்பது தெரிந்தது. அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா என்று சங்கம் இரண்டு ஞாயிறு விவாதித்தது. போனால் சபத மீறலுக்கு ஒப்புதல். போகாவிட்டால் அன்செல்ம் என்ன நினைப்பார்? கடைசியில், நகரமன்றத்துக்குள் நுழையாமல், எதிர்ப்பக்க நடைபாதையில், தலையில் தொப்பியோடு, எந்த உணர்ச்சியும் காட்டாமல் நிற்பது என்று முடிவாயிற்று. அப்படியே வரிசையாக வந்து நின்றார்கள். வெயில் நாள். தம்பதி படியிறங்கி வரும்போது கெனாருக்கு நெற்றி வியர்த்து, துடைப்பதற்காகத் தொப்பியைக் கழற்றினார். அவர் மரியாதை செய்கிறார் என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவரும் கழற்றினார். அடுத்தவரும். கடைசியில் வரிசை முழுக்க வெறுந்தலையாக நின்றது. முசியே வலபிரேக் மட்டும் கொஞ்சம் தயங்கி, பிறகு மற்றவர்களைவிடத் தாழ்வாகத் தலை குனிந்தார்.

ஸெலி பூச்செண்டை மாற்றிப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "இவங்க ஆதரிக்கிறாங்களா, எதிர்க்கிறாங்களா?"

"தெரியலை," என்றார் அன்செல்ம். "ஏழு வருஷம் கழிச்சுச் சொல்லுவாங்க."

ஓனோரின் அவர் கையைத் தன் கைக்குள் இடுக்கிக்கொண்டு சரிவில் இறங்க ஆரம்பித்தாள். கடையில் காலையில் தெளித்து வைத்த சட்டைகள் கிடந்தன. ஈரம் காய்வதற்குள் இஸ்திரி போட்டாகவேண்டும். நடக்கும்போதே, தொப்பி இவ்வளவு பெரிதாக எதற்கு, காதை மறைக்கிறது என்று அவரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டாள்.